ஓய்வு நேரத்தில் தோல் கைவினை

பால்மரம் சீவும் கைக்கென்று ஒரு தனித்திறன் உண்டு. விடியுமுன் தலைவிளக்கின் சிறு வெளிச்சத்தில் பட்டையை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவியெடுக்க வேண்டும். கத்தி உள்ளே இருக்கும் மரத்தைத் தொட்டுவிட்டால் காயம் உண்டாகும். பின்னால் அவ்விடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். ஆழம் போதாவிட்டாலோ மங்கில் பால் சேராது. எவ்வளவு ஆழம் என்பதைக் கண்ணைவிடக் கைதான் அறியும். பல ஆண்டுப் பழக்கத்தால் வந்த இந்தக் கணக்கை எந்தப் பள்ளியிலும் சில வாரங்களில் கற்றுத் தந்துவிட முடியாது.

தோல் வேலை கற்போர் மிகவும் திணறுவது இதே இடத்தில்தான். ஒரு பையின் ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டுமானால், மடிப்பு விழும் பகுதியைக் கத்தியால் சீவி மெலிதாக்க வேண்டும். ஆழமாகப் போனால் தோல் அறுந்துவிடும். மேலோட்டமாகச் சீவினால் மடிப்பு தடித்து நிற்கும். பட்டணத்தில் இதைப் பொழுதுபோக்காகத் தொடங்கும் இளைஞர்கள் நல்ல தோல் பலவற்றை வீணாக்கிய பிறகே இதில் தேர்ச்சி பெறுகின்றனர். தோட்டத்துப் பாட்டாளிகளோ பாதிப் பாடத்தை ஏற்கெனவே கற்றவர்கள். எனவேதான், ஓய்வு நேரத்தில் கைத்தொழில் ஒன்றைப் பழக விரும்பும் வாசகர்களுக்குத் தோல் கைவினையைப் பரிந்துரைக்கிறோம். அதனை எவ்வாறு தொடங்குவது, பொருள்களை எங்கே பெறுவது என்பவற்றை, மேரு வட்டாரத்தில் வாழும் ஒருவரை மனத்திற்கொண்டு, இக்கட்டுரையில் விளக்குவோம்.

அதற்கு முன் வேறொன்றைப் பேசியாக வேண்டும்.

தோலும் தீட்டும்

நம்மிடையே தோல் வேலை என்றதும் முகம் சுளிப்போர் இன்றும் உளர். தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் மூட்டை முடிச்சுகளோடு இந்த எண்ணத்தையும் கட்டிக்கொண்டு வந்தனர். செத்த மாட்டைத் தூக்குவதும், தோலை உரிப்பதும், செருப்புத் தைப்பதும் இன்ன குலத்தார் வேலை என்று ஊரார் ஒதுக்கி வைத்தனர். அவர்கள் தைத்த செருப்பை மட்டும் அனைவரும் அணிந்தனர். மிருதங்கத்தின் கதையும் இதுவே. கச்சேரி மேடையில் வாசிப்பவருக்குப் பொன்னாடை. ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்து, வார்பிடித்து, நாதம் கூட்டித் தந்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. அத்தகைய மிருதங்கம் செய்யும் குடும்பங்களின் வரலாற்றைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-ஆம் ஆண்டில்தான் ஒரு நூலாக எழுதி வெளியிட்டார்.

இந்த இழிவெண்ணத்தைத் துணிந்து உடைத்த ஓரிடத்தில் தமிழர்களும் இருந்தனர். 1910-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அருகே, ஏறக்குறைய 1,100 ஏக்கர் பரப்புள்ள டால்ஸ்டாய் பண்ணை தொடங்கப்பட்டது. நிலத்துக்குச் சொந்தக்காரர் ஹெர்மன் கல்லன்பாக் என்னும் கட்டடக் கலைஞர். காந்தியடிகளின் அறப்போரில் சிறை சென்றவர்களின் குடும்பங்கள் தங்குவதற்காக அவர் அதனை அளித்தார். அங்கு வாழ்ந்தவர்களிடையே குஜராத்தி, தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மொழிகள் வழங்கின. பண்ணைக்கு வேண்டியதைப் பண்ணையிலேயே செய்துகொள்வது என்று முடிவாயிற்று. கல்லன்பாக், மரியன்ஹில் என்னும் ஊரிலிருந்த கிறித்தவத் துறவியர் மடத்துக்குச் சென்று, செருப்புச் செய்யக் கற்றுத் திரும்பினார். அவரிடம் காந்தியடிகள் கற்றார். காந்தியடிகளிடம் மற்றவர்கள் கற்றனர். செருப்புகளை நண்பர்களுக்கு விற்கவும் செய்தனர்.

காந்தியடிகள் தம் கையால் செய்த ஒரு சோடிச் செருப்பை, தம்மைச் சிறையிலிட்ட அரசின் அமைச்சராக இருந்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கு அன்பளிப்பாக அளித்துவிட்டு 1914-இல் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார். ஸ்மட்ஸ் அதனைப் பல கோடைக் காலங்களில் அணிந்தார். 1939-இல், காந்தியடிகளின் எழுபதாம் பிறந்த நாளையொட்டி, அதனைத் திருப்பி அனுப்பிவைத்தார். வழக்கறிஞர் ஒருவர் செருப்புத் தைத்ததை வியந்து பேசுவோர், அவரோடு அமர்ந்து தைத்தவர்களைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். பிறந்த குலத்தைக் கேளாமல் அங்கே எல்லாரும் ஊசி பிடித்தனர் என்பதே நமக்கு அதில் உள்ள செய்தி.

ஆகவே, வீட்டில் பெரியவர்கள் தடை சொன்னால் பொறுமையாக எடுத்துக் கூறுங்கள். மாட்டுத்தோல் வீட்டுக்குள் வேண்டாம் என்று சமய உணர்வோடு கூறுவார்களாயின் அது வேறு செய்தி, அதற்கு மதிப்பளிக்கலாம். ஆட்டுத்தோல் இருக்கிறது. மெலிதாயினும் உறுதியானது, சிறு பைகளுக்கு மிகவும் ஏற்றது.

பதனிட்ட தோல், பதனிடாத தோல்

உறுமி மேளம் இல்லாத கோயில் திருவிழா நம் நாட்டில் அரிது. அந்த உறுமியின் முகத்தில் இழுத்துக் கட்டியிருப்பது பதனிடாத தோல். மயிரும் சதையும் நீக்கி உலர்த்தியது, அவ்வளவே. காய்ந்தால் விறைக்கும், நனைந்தால் தளரும், நனைந்தபடியே விட்டால் அழுகும். மழைநாளில் மேளக்காரர்கள் உறுமியை அனலில் காட்டுவது ஏன் என்பது இதனால் விளங்கும். கைவினைக்கு இத்தோல் பயன்படாது.

தோல் அழுகாமலிருக்கச் செய்வதே பதனிடுதல். பழைய முறையில், துவர்ப்புள்ள மரப்பட்டைகளை ஊறவைத்த நீரில் தோலைப் பல நாள், சில வேளை பல வாரம், கிடத்துவார்கள். பட்டையிலுள்ள துவர்ப்பொருள் தோலின் நார்களோடு பிணைந்து அதனை நிலைப்படுத்தும். தமிழகத்தில் இதற்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. நம் நாட்டுக்கும் இத்தொழிலோடு தொடர்பு உண்டு. கிள்ளான் கடலோரச் சதுப்பு நிலங்களில் நிற்கும் கண்டல் மரத்தின் பட்டை துவர்ப்பு மிகுந்தது. தோல் பதனிடவும் மீன்வலைக்குச் சாயமேற்றவும் ஏற்றது. வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் கத்தக்காம்பை 19-ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் சீனக் குடியேறிகள் பெருமளவில் பயிரிட்டனர். அதில் பெரும்பகுதி வெற்றிலைக்காக அன்று, இங்கிலாந்தில் தோல் பதனிடுவதற்காகவும் சாயத் தொழிலுக்காகவும் கப்பலேறியது. ரப்பர் வருவதற்கு முன் ஜொகூர்க் காடுகளை அழித்த பயிர் அதுவே.

மற்றொரு முறை குரோமிய உப்பினால் பதனிடுவது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய இம்முறையில் வேலை விரைவில் முடியும். தோலும் மென்மையாக, நீரைத் தாங்குவதாக அமையும். இன்று உலகில் விற்பனையாகும் தோலில் பெரும்பகுதி இவ்வகையே. சோபாவிலும் கைப்பையிலும் காலணியின் மேற்பகுதியிலும் நாம் காண்பது இதைத்தான்.

தொடங்குவோர்க்கு எது நல்லது? பட்டையில் பதனிட்ட தோலே என்போம். அது சற்று விறைப்பாக இருப்பதால் வெட்டும்போது நழுவாது. ஈரப்படுத்தி வளைத்தால் வளைந்த வடிவத்திலேயே காயும். ஓரத்தைத் தேய்த்தால் பளபளப்பு ஏறும். குரோமியத் தோல் துணியைப்போல் நழுவும்; அதன் ஓரம் எவ்வளவு தேய்த்தாலும் பிசிராகவே நிற்கும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழிகள் உண்டு. சாயமோ மெருகோ ஏற்றாத பட்டைத்தோலின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டால், நீர் உள்ளிறங்கி அவ்விடம் கறுக்கும். குரோமியத் தோலை வெட்டிப் பார்த்தால் நடுவில் பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும்.

தோலை வீட்டிலேயே பதனிட்டுப் பார்க்கலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பும் உப்பும் கழிவுநீரும் லயத்து வாய்க்காலைக் கெடுத்துவிடும். தமிழகத்தின் பாலாற்றுப் படுகையில், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் ஆலைகளால் நிலத்தடி நீரும் வயல்களும் கெட்டுப் போயின. வேலூர் மாவட்டக் குடிமக்கள் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துவோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று அதில் வலியுறுத்தியது. பெரிய ஆலைகளே சமாளிக்க இயலாத கழிவை நாம் கொல்லையில் வைத்துக்கொள்ள முடியுமா? பதனிட்ட தோலை வாங்குவதே முறை. குரோமியத் தோலின் துண்டு துணுக்குகளையும் அடுப்பில் எரித்தல் ஆகாது. எரியும்போது அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவமாக மாறக்கூடும். குப்பை வண்டியில் சேர்த்துவிடுங்கள்.

வாங்குமுன் அறிய வேண்டியவை

தோலைத் துணியைப்போல் கெசத்தில் அளப்பதில்லை. சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். ஒரு சதுர அடி என்பது ஏறக்குறைய 929 சதுர சென்டிமீட்டர். கனத்தைச் சிலர் மில்லிமீட்டரில் கூறுவர். சிலர் அவுன்சில் கூறுவர். இங்கே அவுன்ஸ் என்பது எடையன்று. ஓர் அவுன்ஸ் ஓர் அங்குலத்தின் அறுபத்து நான்கில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.4 மில்லிமீட்டர். அட்டைப் பைக்கும் பணப்பைக்கும் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் போதும். சாவிப் பட்டைக்கு 2, கத்தியுறைக்கு 3, இடுப்புவாருக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் வேண்டும்.

மாட்டின் தோலில் எல்லாப் பகுதியும் ஒன்றுபோல் இராது. முதுகிலிருந்து பின்புறம் வரையுள்ள பகுதி நெருக்கமான நாருடையது, உறுதியானது, விலையும் கூடியது. தோள்பகுதி நடுத்தரம், கழுத்துச் சுருக்கங்கள் சில தெரியும். வயிற்றுப்பகுதி தளர்வானது, இழுத்தால் நீளும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வயிற்றுத்தோலில் இடுப்புவார் செய்தால் மூன்றே மாதத்தில் அது ஓர் ஓட்டை அளவுக்கு நீண்டுவிடும். தொடங்குவோர் தோள்பகுதியைக் கேட்டு வாங்கலாம்.

‘உண்மையான தோல்’ என்னும் முத்திரையைக் கண்டு மயங்க வேண்டாம். தடித்த தோலை இயந்திரத்தில் இரண்டாகப் பிளந்து, கீழ்ப்பகுதியின் மேல் செயற்கைப் பூச்சுப் பூசியதும் தோல்தான். ஆனால் உறுதி குறைவு. தோல்தூளைப் பசையோடு கலந்து அழுத்திய தகடுகளும் சந்தையில் உள்ளன. வெட்டிய ஓரத்தையும் பின்புறத்தையும் பார்க்காமல் வாங்காதீர்கள். பின்புறம் நார் நாராக இருக்க வேண்டும். துணி ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் செயற்கைப் பொருளே.

இன்னொன்றும் நம் நாட்டில் முக்கியம். செய்த பொருளை மலாய் நண்பர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க எண்ணினால் அது பன்றித்தோல் அன்று என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பன்றித்தோலில் மயிர்த்துளைகள் மும்மூன்றாக, முக்கோணம்போல் அமைந்திருக்கும். மலிவான உள்துணித் தோல்களில் இது அடிக்கடி காணப்படுவது.

மேருவிலிருந்து எங்கே செல்வது?

மேரு, காப்பார் வட்டாரத்து ரப்பர்க் காடுகள் பல செம்பனைக்கும் தொழிற்சாலைகளுக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டன. எஞ்சியிருக்கும் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வெளியேறிப் பக்கத்துக் குடியிருப்புகளிலும் வாழ்வோர்க்கு இம்மாற்றத்தால் விளைந்த துன்பங்களை நாம் அறிவோம். தோல் கைவினைக்கு மட்டும் அதில் ஒரு சிறு வசதி இருக்கிறது. சோபா, நாற்காலி செய்யும் பட்டறை ஏதேனும் அருகில் இருக்குமானால், அங்கு வேலை செய்யும் உறவினர் மூலம் வெட்டி ஒதுக்கிய துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். அவை குரோமியத் தோலாகவோ செயற்கைத் தோலாகவோ இருக்கும். ஆயினும் தையல் பழகுவதற்கு அவையே போதும். முதல் ஐம்பது தையலை விலை கொடுத்து வாங்கிய தோலில் போடுவது வீண் செலவு.

கருவிகளில் பாதி மேரு பட்டணத்து இரும்புச் சாமான் கடையிலேயே கிடைக்கும். அலகு மாற்றும் கத்தி, இரும்பு அடிக்கோல், உப்புத்தாள், மரச்சுத்தியல் ஆகியவற்றுக்காகக் கோலாலம்பூர் வரை போக வேண்டியதில்லை. நூலுக்கும் ஊசிக்கும் கிள்ளானில் உள்ள தையற்பொருள் கடைகளை நாடலாம். தடித்த பாலியெஸ்டர் நூலும், முனை மழுங்கிய தடித்த ஊசி இரண்டும் கேளுங்கள். தேன்மெழுகுக் கட்டி ஒன்றில் நூலை இரண்டு முறை இழுத்தால் அதுவே மெழுகு நூல்.

நடைபாதை ஓரத்தில் காலணி பழுதுபார்க்கும் பெரியவர்களை நாம் கடந்து போகிறோமே, அவர்களே இத்துறையில் நடமாடும் நூலகங்கள். குத்தூசி எது நல்லது, பசை எந்தக் கடையில் வாங்குவது, துளைக்குறடு எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அவர்கள் விரல்நுனியில் இருக்கும். ஒரு செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருங்கள். “ஐயா, இந்த ஊசியை எங்கே வாங்கினீர்கள்?” என்று மரியாதையோடு கேட்டால் சொல்ல மறுப்பவர் அரிது.

முழுத் தோலை நேரில் பார்த்து வாங்குவதற்குக் கோலாலம்பூர்தான் செல்ல வேண்டும். அங்கே கோன்லே சாலையிலுள்ள கைவினை வளாகம் பல துறைக் கைவினைஞர்களின் வேலையைக் காண ஏற்ற இடம். கைத்தொலைபேசி வழியாக வாங்குவதே இன்று பலருக்கும் எளிது. ஷாப்பி, லசாடா போன்ற இணையச் சந்தைகளில் தோலும் கருவிகளும் விற்கின்றனர். ஏ4 தாள் அளவில் வெட்டிய துண்டுகளும் கிடைப்பதால், முழுத் தோல் வாங்கும் செலவு மிச்சம். பணம் செலுத்துமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எதனால் பதனிட்டது, கனம் எவ்வளவு, உடலின் எப்பகுதி? மூன்றுக்கும் விடை சொல்லாத விற்பனையாளரை விட்டுவிடலாம். தமிழகத்துக்குச் சென்று வரும் வாய்ப்புள்ளவர்கள் சென்னையில் பெரியமேட்டுக்கு ஒருமுறை போய்வரலாம். அங்கே தெருத்தெருவாகத் தோல் வணிகம் நடைபெறுகிறது. ஆட்டுத்தோலுக்கு அதைவிடத் தக்க இடம் கூறுவது கடினம்.

ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பெரிய தோலை வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது இன்னும் சிக்கனம். கூட்டாகப் பணம் போட்டுப் பொருள் வாங்குவது நமக்குப் புதிதன்று. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களின் சிறு சிறு தொகைகளைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கியது. நாம் வாங்கப்போவது ஒரு தோல்தான்.

அச்சுக் கருவித் தொகுதி, சாயப்புட்டிகள், தையல் இயந்திரம் ஆகியவற்றை முதல் ஆண்டில் தொடவே வேண்டாம். நாற்பது, ஐம்பது கருவிகள் அடங்கிய பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று விளம்பரம் காட்டுவார்கள். அவற்றில் ஐந்தாறுக்கு மேல் பயன்படா. அந்த ஐந்தாறும் கூர்மையாக இரா.

முதல் பொருள்: அடையாள அட்டைப் பை

நம் அடையாள அட்டையின் நீளம் 8.56 சென்டிமீட்டர், அகலம் 5.4 சென்டிமீட்டர். இதற்கு 10 சென்டிமீட்டர் நீளமும் 7 சென்டிமீட்டர் உயரமும் உள்ள இரண்டு துண்டுகள் வேண்டும். கனம் 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர் இருக்கலாம். முதலில் தடித்த அட்டையில் அளவை வெட்டிப் பாருங்கள். அட்டையில் பிழை வந்தால் நட்டமில்லை. பிறகு அதனைத் தோலின்மேல் வைத்துக் குத்தூசியால் கோடிடுங்கள். பேனா மை வேண்டாம், அழியாது.

வெட்டும்போது அடிக்கோலை அழுத்திப் பிடித்து, கத்தியை மூன்று நான்கு முறை இலேசாக ஓட்டுங்கள். ஒரே இழுப்பில் அறுக்க முயல்வோரே விரலை அறுத்துக்கொள்கின்றனர். கோலைப் பிடித்த விரல்கள் கத்தியின் பாதையில் ஒருபோதும் இருத்தலாகாது. மழுங்கிய அலகைவிடக் கூரிய அலகே பாதுகாப்பானது என்பதைப் பால்வெட்டும் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இரு துண்டுகளின் மேல் ஓரத்தில், நடுவே, விரல் நுழையும் அளவுக்குப் பிறைபோல் வெட்டி எடுத்தால் அட்டையை வெளியே இழுக்க எளிது.

இரு துண்டுகளையும் பக்கங்கள் இரண்டிலும் அடியிலும் மட்டும், ஓர் ஓரக்கோடு அளவுக்குப் பசை பூசி ஒட்ட வேண்டும். மிதிவண்டி டயர் ஒட்டும் பசையே போதும். மங்கிலிருந்து எடுத்த பாலையே பூசினால் என்ன என்று கேட்பீர்கள். அதில் பாதிக்கு மேல் நீர். தோலை நனைத்துக் கறை உண்டாக்கும். பதப்படுத்தாத ரப்பர் காற்றும் வெயிலும் பட்டுச் சில காலத்தில் பிசுபிசுக்கும். கடைப் பசையைத் திறந்த வெளியில் பயன்படுத்துங்கள். அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் அருகே வேண்டாம். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். வேலை முடிந்ததும் பூட்டி வைப்பது பெற்றோர் கடமை. பசையை மோந்து பழகும் பிள்ளைகளின் மூளைக்கும் நரம்புக்கும் நேரும் கேடு சிறிதன்று.

இனித் தையல். ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே ஒரு கோடிட்டு, அக்கோட்டின்மேல் 4 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி வையுங்கள். இதற்கென்று விலையுயர்ந்த கருவிகள் உண்டு. சமையலறை முள்கரண்டி ஒன்றின் பற்களை அழுத்தினாலும் சம இடைவெளியில் புள்ளிகள் விழும். பற்களின் இடைவெளி சற்றுக் கூடுதல் குறைவாக இருந்தாலும் பழுதில்லை. கடைசிப் புள்ளியின்மேல் முதற்பல்லை வைத்து வைத்து நகர்த்திச் சென்றால் போதும். புள்ளிதோறும் குத்தூசியால் நேராகத் துளையிடுங்கள். சாய்ந்து குத்தினால் பின்புறத் தையல் பாம்புபோல் நெளியும். நம் பையின் தையற்கோடு ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். தையல்கள் 56 வரும். நூல் கோட்டின் நீளத்தைப்போல் நான்கு மடங்கு வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஒரு மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

நூலின் இரு முனையிலும் ஓர் ஊசி கோக்க வேண்டும். முதல் துளையில் நுழைத்து, இரு பக்கமும் சம நீளமாக இழுத்துக்கொள்ளுங்கள். அடுத்த துளையில் இடப்பக்க ஊசி வலப்பக்கம் போகட்டும். அதே துளையில் வலப்பக்க ஊசி இடப்பக்கம் வரட்டும். இரு நூலையும் ஒரே அளவு விசையில் இழுங்கள். ஒவ்வொரு துளையிலும் எந்த ஊசி முதலில் நுழைந்ததோ அதுவே எப்போதும் முதலில் நுழைய வேண்டும். மாறினால் தையலின் சாய்வு மாறி, பார்ப்போர் கண்ணுக்கு உறுத்தும். இதற்குச் சேணத் தையல் என்று பெயர். குதிரைச் சேணம் தைத்தோர் கண்ட முறை. இயந்திரத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் தொடர்ந்து பிரிந்து போகும். சேணத் தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றொன்று அதே துளைகளின் வழியே சென்று பிடித்துக்கொண்டிருக்கும். கையால் தைத்த பொருள் நெடுநாள் உழைப்பதற்கு இதுவே காரணம். கடைசியில் இரண்டு துளை பின்னோக்கித் தைத்து, நூலை ஒட்ட வெட்டுங்கள். பாலியெஸ்டர் நூலாயின் நெருப்பின் அருகே சற்றே காட்டினால் நுனி உருகிப் படியும்.

தையல் முடிந்தபின் ஓரம் சமமாகும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். விரலில் நீரைத் தொட்டு ஓரத்தில் தடவி, வழவழப்பான மரத்துண்டு ஒன்றினாலோ முரட்டுத் துணியாலோ விரைவாகத் தேய்த்தால், இரண்டு தோல்களும் ஒன்றாகிக் கண்ணாடிபோல் மின்னத் தொடங்கும். பிறகு தேன்மெழுகைத் தேய்த்து மீண்டும் துணியால் துடையுங்கள். நம் கருத்தில் இவ்வேலை முழுவதிலும் மனநிறைவு தருவது இந்தப் பத்து நிமிடமே. பட்டைத்தோல் தவிர வேறு தோலில் இந்தப் பளபளப்பு வாராது.

அடுத்துச் சாவிப் பட்டை, பிறகு சிறு கத்திக்கு உறை என்று செல்லலாம். கத்தியுறை தைக்கும்போது, அலகின் கூர்முனை படும் ஓரத்தில் இரு தோல்களுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு மெல்லிய தோல்வாரை வைத்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் கத்தி நாளடைவில் நூலை அறுத்துவிடும். பால்வெட்டும் கத்தியின் வாய் மடிந்திருப்பதால் முழு உறை சரிப்படாது. வாயை மட்டும் மூடும் தொப்பிபோல் ஒன்றைச் செய்து, பித்தான் வைத்த வாரால் பிணைக்கலாம். பிள்ளைகள் உள்ள வீட்டில் இது மிகவும் தேவைப்படுவது. ஈரக்கத்தியை உறையிலிட்டால் இரும்பு துருப்பிடிக்கும், தோலும் கறுக்கும்.

இதைக் கொண்டு வருமானம் கிடைக்குமா என்று கேட்போர்க்கு உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். கடையில் மலிவாகக் கிடைக்கும் செயற்கைப் பைகளோடு விலையில் போட்டியிட எந்தக் கைவினைஞராலும் இயலாது. ஓர் அட்டைப் பையைத் தைக்கத் தொடக்கத்தில் இரண்டு மாலைப்பொழுதுகள் ஆகும். முதல் பத்துப் பொருள்களை வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் கொடுத்து, ஓராண்டு கழித்து அவை எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். தையல் பிரியாமலிருந்தால், கேட்டு வருவோர்க்குச் செய்து கொடுப்பதைப் பற்றி அப்போது எண்ணலாம்.

மீந்த தோலைப் பாதுகாப்பதில் நம் நாட்டுப் புழுக்கமே பெரிய பகை. நெகிழிப் பையில் கட்டி வைத்தால் சில வாரங்களில் பூசணம் பூக்கும். காற்றோட்டமான இடத்தில், பழைய வேட்டித் துணியில் தளர்வாகச் சுருட்டி, சுவரைத் தொடாமல் வையுங்கள். மடித்து வைத்தால் மடிப்புக்கோடு போகாது. பூசணம் கண்டால் வெளியில் எடுத்துச் சென்று உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். நனைந்த தோலை வெயிலிலோ அடுப்பின் மேலோ காயவைத்தால் விறைத்து வெடிக்கும். தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவிவிடுவோர் உண்டு. தோல் துவண்டு கறுத்துவிடும். எண்ணெய் தேவைப்பட்டால் துணியில் இரண்டு சொட்டு விட்டு, ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ இலேசாகத் துடைத்தால் போதும்.